ஐப்பசியில் காரை ஷெட்டில் போடுவது

என் தம்பி கனடாவில் இருக்கிறான். அவன் மாங்காய்க் காலத்தில் ஊருக்கு வந்தால் ஓட்டுவதற்கென்று ஒரு பெட்ரோல் ஸ்விஃப்ட் காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. அவன் போன பிறகு ஆயுத பூஜை வரைக்கும் நான் எடுப்பேன். அப்புறம் மழை பிடித்துக்கொள்ளும். எங்கள் தோட்டத்துப் பாதை களிமண், கார் ஏறாது. அதனால் ஐப்பசியில் மூடினால் பங்குனியில்தான் திறப்பது.

அங்கே அவனும் தன் காரைப் பனிக்காலத்துக்குக் கராஜில் போட்டு வைப்பவன்தான். ரோட்டில் பனி உருக உப்பு கொட்டுவார்கள், அது அடித்தகட்டை அரித்துவிடும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் உறைந்து எஞ்சின் பிளாக்கே விரிசல் விடும். அந்தக் கணக்கிலேயே எனக்கும் போனில் யோசனை சொல்வான். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் மார்கழியில் பல் கிட்டிக்கும், ஆனால் தண்ணீர் உறையாது. நமக்குப் பகை இரண்டுதான்: ஈரம், எலி. நிறுத்தி வைக்கும் வேலை முழுக்க இந்த இரண்டையும் பார்த்துச் செய்வதுதான்.

முதலில் கழுவுவது. ஆயுத பூஜைக்குக் கழுவியாயிற்றே என்று விடக்கூடாது. பூஜைக்கு அப்புறம்தான் கழுவ வேண்டும். பானெட்டில் வைத்த சந்தனமும் குங்குமமும் மாதக்கணக்கில் அப்படியே காய்ந்தால் பெயிண்டில் கறை பிடித்துவிடும். வாழைக்கன்று கட்டிய கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். உள்ளே சீட்டுக்கு அடியில் கை விட்டுப் பாருங்கள், பொரியும் பொட்டுக்கடலையும் கட்டாயம் சிந்தியிருக்கும். எலிக்கு அதைவிட வேறு அழைப்பு வேண்டாம். மிதியடிகளை எடுத்து உதறி வெயிலில் காயவைத்து, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் கெட்டித் தண்ணீர். அதில் கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள். ஒகேனக்கல் குடிநீரை இதற்கு ஊற்றினால் எனக்கு மனசு ஆகாது. கிரானைட் பட்டறை பக்கம் வீடு இருப்பவர்கள் காய்ந்த துணியால் தூசியைத் துடைக்கவே கூடாது. அது கல்பொடி, கோடு கோடாகக் கீறிவிடும். கழுவிய பிறகு கொஞ்ச தூரம் ஓட்டி, நாலைந்து முறை பிரேக் பிடித்து ஈரத்தை ஓட்டிவிடுங்கள். திரும்பி வரும்போது ஏ.சி.யை நிறுத்திவிட்டுக் காற்றாடியை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டால் உள்ளே பூஞ்சை வாடை வராது.

அந்த ஓட்டத்திலேயே பங்க்குக்குப் போய் டேங்கை நிரப்பிவிடுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டேங்கில் காலி இடம் குறைந்தால் ஈரக்காற்றும் குறையும். பெட்ரோல் கெடாமல் இருக்க ஊற்றும் ஸ்டெபிலைசர் கிடைத்தால் போடலாம், போட்டபின் கொஞ்சம் ஓட்டினால்தான் எல்லா இடத்துக்கும் போகும். ஆனால் ஒன்று: நிரம்பிய டேங்குடன் கார் நிற்கிற ஷெட்டில் கார்த்திகைக்கு அகல் ஏற்றாதீர்கள். எங்கள் வீட்டில் மாட்டுக்கொட்டகை, களம், ஷெட் எல்லாவற்றுக்கும் விளக்கு வைப்பது வழக்கம். ஷெட்டுக்கு வெளியே தள்ளி வைத்தாலும் வழக்கம் விட்டுப்போகாது.

எஞ்சின் ஆயிலை நிறுத்துவதற்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள். ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும், அது மாதக்கணக்கில் எஞ்சினுக்குள் நிற்பது நல்லதில்லை. கூலன்ட் அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உறையாமல் இருப்பதற்கு மட்டுமில்லை, உள்ளே துருப்பிடிக்காமல் இருப்பதற்கும் அதுதான். குறைந்திருக்கிறதே என்று போர் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள்.

ஷெட் தரை சிமென்டாக இருந்தால் சரி. மண் தரை என்றால் மழைக்காலம் முழுக்கக் கீழிருந்து ஈரம் ஏறும், முதலில் கெட்டித் தார்ப்பாயை விரித்து அதன்மேல் காரை ஏற்றுங்கள். டயரில் வழக்கமாக 30 பிடிப்பவர்கள் 35 வரை காற்று பிடிக்கலாம். டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டவேண்டாம். ஹேண்ட் பிரேக் போடவே கூடாது. ஈரத்தில் பிரேக் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சக்கரம் அசையாது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்து, கியரில் போட்டு நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை கட்டையை எடுத்து, நியூட்ரலில் போட்டு, இரண்டு பேர் சேர்ந்து கால் சுற்று தள்ளிவிட்டால் டயர் ஒரே இடத்தில் தட்டையாகாது. இந்த நாலைந்து மாதத்துக்கு ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்துவதெல்லாம் அதிகப்படி.

பேட்டரி. கார் சும்மா நின்றாலும் கடிகாரம், அலாரம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டேயிருக்கும். சார்ஜ் இறங்கிய பேட்டரியை அப்படியே விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து பாழாகும். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ் கழற்றுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில். பின்கதவு பட்டனில் திறக்கிற வண்டியாக இருந்தால் கரண்ட் போனபின் டிக்கி திறக்காது, வேண்டிய சாமானை முன்னாலேயே எடுத்துவிடுங்கள். கழற்றிய பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில், அடுப்பு விளக்கு பக்கத்தில் இல்லாமல் வைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். மல்டிமீட்டரில் 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2-க்கு வந்தால் பாதிதான் மிச்சம். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இன்றைய பிளாஸ்டிக் பெட்டி பேட்டரிக்கு அது பொருந்தாது.

இனி எலி. நிலக்கடலை பிடுங்குகிற நேரமும் காரை மூடுகிற நேரமும் எங்கள் ஊரில் ஒன்றாக வந்துவிடும். ஷெட்டில் இடம் இருக்கிறதே என்று மூட்டையைக் காருக்குப் பக்கத்தில் அடுக்குவார்கள். கடலை மூட்டையும் காரும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது, கேழ்வரகும்தான். இந்த ஒன்றைச் செய்யாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. எலிக்கு இருட்டும் கதகதப்பும் வேண்டும், அதனால் பானெட்டைத் தூக்கி ஸ்டாண்ட் போட்டு வைத்துவிடுகிறேன். டேஷ்போர்டில் இருக்கும் லீவரைத் தள்ளி, வெளிக்காற்று உள்ளே வரும் வழியை மூடிவிடுங்கள். சைலன்ஸர் வாயை இரும்பு நாரால் அடைத்து, அதில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டும் ஒட்டுங்கள், எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்யாமலிருக்க. புகையிலைக் காம்பைப் பானெட்டுக்குள் போடுவார்கள். வாசனை போனதும் மாற்றினால் ஓரளவு கேட்கும். விஷம் வைக்காதீர்கள். தின்றுவிட்டு டேஷ்போர்டுக்குப் பின்னால் போய்ச் செத்தால் நாற்றத்தை எடுக்க வண்டியையே பிரிக்கவேண்டும். பொறிதான் நல்லது. அந்துருண்டையைக் காருக்குள் போட்டால் அந்த நெடி சித்திரை வரைக்கும் தலையை வலிக்கவைக்கும்.

மூடுவதற்குப் பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம், ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். ஷெட்டுக்குள் தூசிதான் பிரச்சினை, பழைய வேட்டி நாலைத் தைத்துப் போர்த்தினால் போதும்.

“அக்கா, வாரத்துக்கு ஒருமுறை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் மட்டும் பண்ணி விட்டுடு” என்று தம்பி ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டேயிருப்பான். நல்லெண்ணத்தில் எல்லோரும் சொல்வதுதான், ஆனால் கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். எஞ்சின் நன்றாகச் சூடேறாமல் நிறுத்தினால் அந்தத் தண்ணீர் சைலன்ஸருக்குள்ளும் ஆயிலிலும் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்ய எடுத்த சார்ஜைப் பேட்டரிக்குத் திருப்பித் தரவும் அஞ்சு நிமிஷம் போதாது. எடுப்பதென்றால் கிருஷ்ணகிரி வரை ஒரு நடை போய்வரும் அளவுக்கு எடுங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள்.

கார் ஓடவில்லை என்று இன்சூரன்ஸை விட்டுவிடாதீர்கள். முடிந்த தேதியிலிருந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் இழப்பீடு கேட்காததற்காக இத்தனை வருடம் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடி போய்விடும்.

பங்குனியில் எடுக்கும்போது சாவியைத் தொடுவதற்கு முன் ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைத் தளர்த்தித் திறந்து பாருங்கள். எங்கள் தெருவிலேயே ஒரு காரில் அதற்குள் இரண்டு கைப்பிடி கடலைத்தோலும் கிழித்த பஞ்சும் இருந்தது, ஃபில்டர் காகிதத்தின் ஒரு மூலையைக் காணோம். வயர்களைக் கையால் தடவிப் பாருங்கள். சைலன்ஸர் நாரை எடுங்கள், பேட்டரியை மாட்டுங்கள். பிரேக் மிதி கெட்டியாக இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில பிரேக்குக்கு கரகரவென்று சத்தம் வரும், டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு அது, தானாகப் போய்விடும். போகவில்லையென்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அப்படியே டயர் காற்றை மறுபடி 30-க்கு இறக்கிக்கொண்டு, புகைச் சான்றிதழ் தேதியையும் பார்த்துவிடுங்கள்.