சிங்கப்பூர்ல ஒரு வாரம்: தீம் பார்க்கும் பாக்கணும், சாப்பாட்டையும் விடக்கூடாது

யூனிவர்சல் ஸ்டுடியோஸ் டிக்கெட்ட வார நாள்ல போடுங்க, சனி ஞாயிறுன்னா க்யூவுலயே பாதி நாள் போயிடும். ரூம் அந்த பார்க் இருக்கிற சென்டோசா தீவு உள்ள வேணாம், விலை ஜாஸ்தி, சைனாடவுன் இல்ல லிட்டில் இந்தியா பக்கம் எடுங்க, ரெண்டுமே ஹார்பர்ஃப்ரன்ட் போற மெட்ரோ லைன்ல தான் இருக்கு, அங்க இறங்கி போர்டுவாக்ல நடந்தே தீவுக்குள்ள போயிடலாம்.

சாப்பாட்டுக்கு ஹாக்கர் சென்டர் தாங்க, அதாவது சின்ன சின்ன சாப்பாட்டு கடைங்க நிறைய ஒரே இடத்துல இருக்கும், இந்த ஹாக்கர் கலாச்சாரத்த 2020ல யுனெஸ்கோ பட்டியல்லயே சேர்த்துட்டாங்க. மேக்ஸ்வெல் ஹாக்கர் சென்டர்ல சிக்கன் ரைஸ் கண்டிப்பா சாப்பிடுங்க, அந்த சோறே கோழி வேகவச்ச தண்ணில வெந்தது, மிளகாய் சாஸ் தொட்டுக்கிட்டா அடடா! டேபிள்ல டிஷ்யூ பாக்கெட் கிடந்தா யாரோ இடம் பிடிச்சிருக்காங்கன்னு அர்த்தம், உக்காராதீங்க. சாப்ட்டதும் ட்ரேய நீங்களே எடுத்து வைக்கணும், இல்லனா ஃபைன் கூட வரும். பிரியாணிக்கு லிட்டில் இந்தியால இருக்கிற டெக்கா சென்டர். ராத்திரி லாவ் பா சாட்ங்கிற ஹாக்கர் சென்டர் பக்கத்து ரோட்ட மூடிட்டு கரி அடுப்புல சாத்தே (குச்சில குத்துன கறி) சுடுவாங்க, அந்த வாசனைக்காகவே போகலாம்.

பார்க் போன மறுநாள் கால் வலிக்கும், அன்னைக்கு லேட்டா எழுந்து கார்டன்ஸ் பை தி பேங்கிற பெரிய தோட்டம் மட்டும் வைங்க, ராத்திரி லைட் ஷோ ஃப்ரீ. ராத்திரி மட்டும் திறக்கிற மிருகக்காட்சி சாலை நைட் சஃபாரிக்கு தனியா ஒரு நாள் ஒதுக்குங்க.