கறவைப் பசுவுக்கு அடர்தீவனம்: புரதத்தைக் கணக்கிட்டு வைக்கும் முறை

தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த அடர்தீவன மூட்டையில் அச்சிட்டிருக்கும் புரத விழுக்காட்டை மட்டும் பார்த்துத் தீவனம் வைப்பது போதாது. பசுந்தீவனத்தையும் வைக்கோலையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் மாட்டுக்கு உண்மையில் எவ்வளவு புரதம் கிடைக்கிறது என்பது தெரியும்.

சுமார் 400 கிலோ எடையுடன் நாளொன்றுக்கு 10 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவுக்கு, உடல் பராமரிப்புக்காக 1.5 கிலோவும், 2.5 லிட்டர் பாலுக்கு 1 கிலோ வீதம் 4 கிலோவும் ஆக 5.5 கிலோ அடர்தீவனம் வேண்டும். இதை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளைகளாகப் பிரித்து வைக்க வேண்டும். இதனுடன் 20 கிலோ கோ-4 என்னும் பசுந்தீவனப் புல்லும் 3 முதல் 4 கிலோ வைக்கோலும் கொடுத்தால், மொத்த உலர்பொருள் (ஈரம் நீக்கிய தீவன எடை) ஏறத்தாழ 12 கிலோவும் அதற்குள் புரதம் 1.5 கிலோ அளவிலும் அமையும். இந்தக் கறவைக்கு அது போதுமானது.

வீட்டிலேயே கலப்பவர்கள் 100 கிலோவுக்கு அரைத்த மக்காச்சோளம் 37, கடலைப் புண்ணாக்கு 25, கோதுமைத் தவிடு 35, தாது உப்புக் கலவை 2, சாதாரண உப்பு 1 கிலோ என்று சேர்த்தால் சுமார் 19 விழுக்காடு புரதமுள்ள கலவை கிடைக்கும். கடலைப் புண்ணாக்கில் 40 விழுக்காட்டுக்கு மேலும் தேங்காய்ப் புண்ணாக்கில் 20 முதல் 22 விழுக்காடும் புரதம் இருப்பதால், விலை குறைவென்று ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை அதே எடையில் போடக் கூடாது. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நச்சு மாறிய வடிவில் பாலிலும் இறங்கும், அந்தப் பாலைக் குடிப்பவர்களில் நம் குழந்தைகளும் உண்டு.

புண்ணாக்கைக் கூட்டினால் பாலும் கூடும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. ஆனால் அது எப்போதும் பலிக்காது. மாட்டின் அசையூண் வயிற்றில் (தீவனம் முதலில் சென்று நொதிக்கும் பெரிய அறையில்) வாழும் நுண்ணுயிரிகள் தீவனப் புரதத்தின் பெரும்பகுதியை அமோனியாவாக்கி, தானிய மாவுச்சத்து தரும் எரிசக்தியைக் கொண்டு அதைத் தம் உடற்புரதமாக மாற்றிக்கொள்கின்றன. எரிசக்தி குறைந்தால் மிஞ்சும் அமோனியா கல்லீரலில் யூரியாவாகி மூத்திரத்தில் வெளியேறுகிறது. வாங்கிய புரதம் வீணாவதோடு, இரத்தத்தில் யூரியா மிகுந்தால் சினை பிடிப்பதும் குறையக்கூடும். மாறாக, வைக்கோலை மட்டுமே நம்பினால் நுண்ணுயிரிகளுக்குத் தேவையான புரதம் கிடைக்காமல் வைக்கோலே சரியாகச் செரிக்காது. மாடு தின்பதும் குறையும்.

வேலிமசால் என்னும் பயறுவகைத் தீவனச் செடியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அதன் 5 கிலோ பசுந்தழை, 1 கிலோ அடர்தீவனத்துக்கு நெருக்கமான புரதத்தைத் தருகிறது. எரிசக்தி அந்த அளவுக்கு இல்லாததால் அடர்தீவனத்தில் அரைக் கிலோவை மட்டும் குறைத்து, ஒரு வாரம் பாலை அளந்து பார்த்த பிறகே மேலும் குறைக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும். சினையின் கடைசி இரண்டு மாதங்களில் கூடுதலாக 1 முதல் 1.5 கிலோ அடர்தீவனம் தேவைப்படும். எந்த மாற்றத்தையும் ஏழு முதல் பத்து நாட்களில் சிறிது சிறிதாகச் செய்யுங்கள். தானியத்தைத் திடீரெனக் கூட்டினால் வயிற்றில் அமிலம் மிகுந்து மாடு அசை போடுவதை நிறுத்திவிடும்.