கோபேயில் கறுப்பு ரொட்டி வேண்டுமென்றால்

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எட்டு ஆண்டுகள் இருந்துவிட்டு ஜப்பானின் கோபே நகருக்குக் குடிவந்தபோது என் மகனுக்கு ஐந்து வயது. சோறு, மீன், மிசோ என்னும் சோயா விழுது எல்லாம் ஒரே வாரத்தில் அவனுக்குப் பழகிவிட்டன. காலையில் மட்டும், "கறுப்பு ரொட்டி எங்கே அம்மா?" என்பான். இங்குள்ள ரொட்டி பஞ்சுபோல மெத்தென்று, லேசாக இனிக்கும். அவன் கேட்டது கையில் கனக்கிற, நாக்கில் புளிக்கிற ரை ரொட்டி; ரை என்பது கோதுமைபோல ஒரு தானியம். அதைத் தேடி அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஃப்ராய்ன்ட்லீப் கடைக்குப் போங்கள். முதல் உலகப் போரில் சீனாவின் சிங்தாவில் பிடிபட்டு ஜப்பானுக்குக் கைதியாக வந்த ஒரு ஜெர்மானியர், விடுதலைக்குப் பிறகு இங்கேயே தங்கி 1924இல் தொடங்கிய கடை. இப்போது அது 1929இல் கட்டிய பழைய தேவாலயத்துக்குள் நடக்கிறது. எந்தத் துறைமுக ஊருக்குப் போனாலும், அங்கே பழைய வெளிநாட்டவர் எங்கே சாப்பிட்டார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

அவசரத்துக்குக் கால்டி, செய்ஜோ இஷீ என்னும் வெளிநாட்டு உணவு விற்கும் கடைகளில் அடைத்த பாக்கெட் ரொட்டியும் புட்டியில் முட்டைக்கோஸ் ஊறுகாயும் கிடைக்கும். தினமும் வாங்கக் கட்டுப்படியாகாது. வீட்டில் சுடுவதுதான் வழி.

ரையை இங்கே 'ரைமுகி' என்பார்கள். ரொட்டி, கேக் செய்யும் பொருள்கள் விற்கும் தோமிஸாவா கடையில் அதன் மாவு கிடைக்கும். 50 கிராம் ரை மாவு, 50 கிராம் தண்ணீர் கலந்து மூடி வையுங்கள். தினமும் பாதியை எடுத்துவிட்டு அதே அளவு மாவும் தண்ணீரும் சேருங்கள். ஐந்தாறு நாளில் புளித்துப் பொங்கும். தோசை மாவு புளிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கைவந்த கலை. வாசனை மட்டும் வேறு, பச்சை ஆப்பிளை நறுக்கினாற்போல இருக்கும். கடை ஈஸ்ட் மட்டும் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ரை மாவுக்கு அந்தப் புளிப்பு வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே களிபோல ஒட்டும்.

புளித்த மாவு 200 கிராம், ரை மாவு 250, கோதுமை ரொட்டி மாவு 150, உப்பு 10, தண்ணீர் 270 கிராம். கரண்டியால் கலந்தால் போதும்; இந்த மாவு சேறுபோலத்தான் இருக்கும், பிசைய முடியாது. நீண்ட தகர அச்சில் ஊற்றி, மேலே விரிசல் விடும்வரை காத்திருங்கள். இங்குள்ள வீடுகளில் பெரும்பாலும் மைக்ரோவேவும் ஓவனும் சேர்ந்த பெட்டிதான் இருக்கிறது. பலவற்றில் 250 டிகிரி சில நிமிடங்களே நிற்கும், பிறகு தானாக இறங்கிவிடும். ஆகவே நன்றாகச் சூடேற்றி உள்ளே வைத்து, பத்து நிமிடம் கழித்து 200க்கு இறக்கி, இன்னும் ஐம்பது நிமிடம் விடுங்கள். அன்றே வெட்டாதீர்கள். துணியில் சுற்றி ஒரு நாள் வையுங்கள். அதற்குள்தான் உள்பதம் இறுகும்.

மேலே தடவ குவார்க் என்னும் ஜெர்மன் மென்பால்கட்டி வேண்டுமா? 400 கிராம் தயிர் டப்பா இரண்டை மெல்லிய துணியில் ஊற்றி, இரவு முழுக்கக் குளிர்பெட்டிக்குள் வடிய விடுங்கள். குவார்க்குக்கு மிகவும் நெருக்கமாக இருக்கும். சீஸ் கேக்கும் அதிலேயே செய்கிறேன். முட்டைக்கோஸ் ஊறுகாய்க்குக் குளிர்காலக் கோஸையே வாங்குங்கள், வசந்தகாலத்துக் கோஸ் தண்ணீராக இருக்கும். எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உப்பு போதும்.

ஜெர்மனியிலிருந்து வருபவர்களிடம் சாசேஜ் கொண்டுவரச் சொல்லாதீர்கள். சான்றிதழ் இல்லாத இறைச்சியை ஜப்பானுக்குள் விடமாட்டார்கள், காற்றுப் புகாமல் அடைத்ததாக இருந்தாலும். என் தோழி ஆசையோடு கொண்டுவந்த இரண்டு கிலோவும் விமான நிலையத்திலேயே போயிற்று.

ஜூன் மழைக்காலம் வருமுன் புளித்த மாவில் ஒரு கரண்டி எடுத்துத் தாளில் மெல்லியதாகத் தடவி, காயவைத்து நொறுக்கிப் புட்டியில் போட்டு வையுங்கள். அந்த ஈரப்பதத்தில் ஒரு முறை என் மாவு முழுவதும் பூஞ்சை பிடித்துவிட்டது. அந்தத் துகள்தான் மறுபடி தொடங்க உதவியது.