மத்திய அமெரிக்கா அரசியல் புரியணும்னா எங்க ஆரம்பிக்கிறது?

குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார், நிகராகுவா, கோஸ்டா ரிகா, பனாமா... இந்தப் பேரெல்லாம் நியூஸ்ல வந்தாலே கலவரம், போதைப்பொருள், இல்லன்னா எல்லை தாண்டிப் போற கூட்டம், இதுதான். அதிபர் பேரையெல்லாம் மனப்பாடம் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. என்னைக் கேட்டா அதிபர் மாளிகையை விட்டுட்டு நேரா துறைமுகத்துக்குப் போங்க. துறைமுகம், ரயில், சுங்க வசூல், கரன்சி, கடன் இதெல்லாம் யார் கையில இருந்துச்சுன்னு பாத்துட்டீங்கன்னா, எலக்‌ஷன்ல ஜெயிச்சவரால என்ன முடியும், எதுல கை வெச்சா நாற்காலி ஆடும்னு பாதி தெரிஞ்சிடும்.

பழகிக்க நல்ல கேஸ் குவாத்தமாலாதான். மேப்ல புவேர்ட்டோ பாரியோஸ்னு ஒரு துறைமுகம் இருக்கும், கரீபியன் கடல் பக்கம். 1950 வாக்குல அந்தப் பக்கம் சரக்கு போகணும்னா அதுதான் வழி, அது யுனைடெட் ஃப்ரூட்ங்கிற அமெரிக்க வாழைப்பழ கம்பெனி பிடியில, அதுக்குப் போற ரயிலும் அவங்க பிடியில, காபி ஏத்துமதி பண்றவன்கூட அவங்க சொல்ற கூலியைக் குடுத்துட்டுதான் போகணும். 1951ல அதிபரான ஹாக்கோபோ ஆர்பென்ஸ் போட்ட பிளானைப் பாருங்க: ரயிலுக்குப் போட்டியா கடலுக்கு ஒரு ரோடு, பக்கத்துலயே அரசு துறைமுகம், சொந்தமா ஒரு நீர்மின் நிலையம். பேச்சுல எவ்வளவு புரட்சி இருந்துச்சுன்னு தேடுறதை விட இந்த மூணையும் பாத்தாலே மோதல் எங்கன்னு புரியும்.

அடுத்தது நிலம். 1952 ஜூன்ல வந்த ஆணை எண் 900, பெரிய பண்ணைகள்ல பயிரிடாம சும்மா கிடக்கிற நிலத்தை எடுத்து விவசாயிங்களுக்குக் குடுத்துச்சு, நஷ்டஈடா 25 வருஷ பாண்டு (அரசு கடன் பத்திரம்), அதுவும் முதலாளி வரிக் கணக்குல காட்டியிருந்த மதிப்புக்கு. கம்பெனி அதுவரைக்கும் வரியை மிச்சம் பிடிக்க நிலத்தோட மதிப்பை அடிமாட்டு விலைக்குக் காட்டியிருந்துச்சு, அதனால அரசு குடுக்க முன்வந்தது சுமார் 6 லட்சம் டாலர்தான், ஆனா கம்பெனிக்காக அமெரிக்க வெளியுறவுத்துறை கேட்டது சுமார் 1 கோடியே 58 லட்சம் டாலர். இன்னிக்கும் எந்த நாட்டுல எந்த சுரங்கம், எந்த எஸ்டேட் தகராறு வந்தாலும் மொதல்ல இதைத் தேடுங்க, வரி கட்டும்போது என்ன மதிப்பு சொன்னாங்க, பணம் கேக்கும்போது என்ன சொல்றாங்கன்னு.

1954 ஜூன்ல அமெரிக்க உளவு அமைப்பு சிஐஏ ஏற்பாட்டுல ஹோண்டுராஸ் பக்கத்துல இருந்து ஒரு சின்னப் படை உள்ள வந்துச்சு, 27ம் தேதி ஆர்பென்ஸ் ராஜினாமா. அப்போ அமெரிக்க வெளியுறவு மந்திரி ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், சிஐஏ தலைவர் அவர் தம்பி ஆலன், ரெண்டு பேரும் முன்னாடி வேலை பாத்த வக்கீல் ஆபீஸ் இந்தக் கம்பெனிக்கு வேலை பண்ணியிருக்கு. சரி, வாழைப்பழத்துக்காக ஆட்சியைக் கவுத்தாங்கன்னு முடிச்சிடலாமான்னா, அவசரப்படாதீங்க. கவுத்த சில நாள்லயே, ஜூலை தொடக்கத்துல, அதே அமெரிக்க அரசு அதே கம்பெனி மேல ஏகபோக வழக்கு போட்டுச்சு. கம்யூனிசப் பயமும் நிஜமாவே இருந்துச்சு, கம்பெனி அந்தப் பயத்துக்கு நல்லா விசிறிவிட்டுச்சு, ரெண்டையும் சேர்த்துதான் படிக்கணும். இதுக்கு அந்த ஊர் ஜனம் குடுத்த விலை 1960ல இருந்து 1996 வரைக்கும் உள்நாட்டுப் போர், ஐநா உதவியோட நடந்த உண்மை கண்டறியும் கமிஷன் சொன்ன கணக்கு செத்தவங்களும் காணாமப் போனவங்களும் சேர்த்து 2 லட்சம் பேருக்கு மேல.

சுங்க வசூல் எப்படிப் பாக்கிறதுன்னா நிகராகுவாவைப் பாருங்க. 1911ல இருந்து அங்க கடனுக்கு ஈடா சுங்க வசூல் அமெரிக்காக்காரங்க மேற்பார்வையில, 1912ல இருந்து 1933 வரைக்கும் நடுவுல கொஞ்ச நாள் தவிர அமெரிக்க கடற்படை வீரர்களும் அங்கயே. அவங்க கிளம்பும்போது பயிற்சி குடுத்துட்டுப் போன தேசியக் காவல்படைதான் அடுத்த வருஷம், அமெரிக்கப் படையை எதிர்த்து சண்டை போட்ட சாண்டினோவைக் கொன்னது, அதை வெச்சுதான் அதோட தலைவரா இருந்த சோமோசாவோட குடும்பம் 1979 வரைக்கும் ஆண்டது. ஆள் போயிட்டாங்களான்னு பாக்கிறதோட நிறுத்தாதீங்க, துப்பாக்கியை யார் கையில குடுத்துட்டுப் போனாங்கன்னும் பாருங்க.

கரன்சி விஷயம் சிம்பிள். பனாமாவுல 1904ல இருந்து டாலர், எல் சால்வடார்ல 2001ல இருந்து டாலர். விலைவாசி தாறுமாறா ஏறாது, ஆனா நெருக்கடி வந்தா நோட்டு அடிக்க முடியாது, வெளியதான் கை நீட்டணும். எல் சால்வடார் 2021ல பிட்காயினை சட்டப்படி செல்லுற பணமா ஆக்கி ஏகப்பட்ட ஆர்ப்பாட்டம் பண்ணுச்சே, 2024 டிசம்பர்ல ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) கிட்ட 140 கோடி டாலர் கடனுக்கு ஒப்பந்தம் பேசினதும் அடுத்த மாசமே அதை யாரும் வாங்கியே ஆகணும்னு கட்டாயம் இல்லைன்னு சட்டத்தை மாத்திட்டாங்க. கடன் நிபந்தனையைப் படிச்சிருந்தா இது ஆச்சரியமே இல்ல.

இப்பல்லாம் படை வர்றதை விட வக்கீல் நோட்டீஸ்தான் அதிகம். ஹோண்டுராஸ் 2013ல தனி நிர்வாகம், தனி விதிமுறையோட சிறப்பு மண்டலங்களுக்கு சட்டம் போட்டுச்சு, ரோவாட்டான் தீவுல ப்ரோஸ்பெரான்னு ஒண்ணு முளைச்சுது, 2022ல புது அரசு அந்த சட்டத்தை ரத்து பண்ணுச்சு, அந்த வருஷமே ப்ரோஸ்பெராவை நடத்துற கம்பெனி உலக வங்கியோட முதலீட்டுத் தகராறு மையத்துல 1,000 கோடி டாலருக்கு மேல கேட்டு கேஸ் போட்டுடுச்சு. அந்த மையத்தோட தளத்துல கேஸ் விவரம் யார் வேணா பாக்கலாம், நாட்டு பேரைப் போட்டுத் தேடுங்க.

இதெல்லாம் படிச்சிட்டு வெளிநாட்டுக்காரன் வந்தாலே நாசம்தான்னு எழுதிடாதீங்க. கோஸ்டா ரிகாவுலயும் அதே வாழைப்பழ கம்பெனி இருந்துச்சு. அவங்க 1948ல ராணுவத்தையே கலைச்சாங்க, படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் செலவு பண்ணாங்க, 1990கள் கடைசியில இன்டெல் வந்தப்போ வேலைக்கு எடுக்க படிச்ச ஆளு இருந்தாங்க, இன்னிக்கு மருத்துவக் கருவிதான் முக்கிய ஏத்துமதி. அதனால வந்தவனைப் பாக்கிற அளவுக்கு வீட்டுக்காரன் என்ன பேரம் பேசினான்னும் பாருங்க.

சீனா பக்கம் சாயுறாங்கன்னு வர்ற நியூஸுக்குத் தேதி வரிசை போதும்: கோஸ்டா ரிகா 2007, பனாமா 2017, எல் சால்வடார் 2018, நிகராகுவா 2021, ஹோண்டுராஸ் 2023, ஒவ்வொருத்தரா தைவானோட தூதரக உறவை விட்டுட்டு சீனாவோட வெச்சுக்கிட்டாங்க. பின்னாடியே சீனா காசுல ஸ்டேடியம், லைப்ரரின்னு ஏதாவது கட்டடம் வந்திருக்கான்னு பாத்துக்கோங்க. ஆனா ஹோண்டுராஸ், எல் சால்வடார்ல நாட்டு வருமானத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல அமெரிக்காவுல வேலை பாக்கிற சொந்தக்காரங்க அனுப்புற பணம், அதனால வாஷிங்டனை யாரும் ரொம்பப் பகைச்சுக்க மாட்டாங்க.

கடைசியா ஒரு இடம், நிறைய பேர் எட்டிப் பாக்கிறதே இல்ல. வெளிநாட்டு அரசுக்காக அமெரிக்காவுல ஆதரவு திரட்டுற லாபி கம்பெனிகள் பதிவு பண்ணணும்னு அங்க 1938ல இருந்து சட்டம் இருக்கு, இப்போ அதைப் பாத்துக்கிறது அமெரிக்க நீதித்துறை, அந்தப் பதிவெல்லாம் ஆன்லைன்ல இலவசமா கிடைக்குது. நாட்டு பேரைத் தேர்ந்தெடுத்தா யாரை வெச்சிருக்காங்க, எவ்வளவு சம்பளம், எந்த எம்பியைப் பாத்தாங்க எல்லாம் ஒப்பந்த நகலோட வரும். எலக்‌ஷனுக்கு முந்தின ஆறு மாசத்துக்கும் பிந்தின ஆறு மாசத்துக்கும் தனித்தனியா தேடிப் பாருங்க.