விஆர் கேம் திக்கும்போது செய்யக்கூடாதவை

புதிதாக விஆர் (மெய்நிகர் உலகம்) ஹெட்செட் வாங்கியவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "அண்ணா, தலையைத் திருப்பினா படம் திக்கித் திக்கி ஓடுது. எந்த செட்டிங்கை மாத்தணும்?" என்று கேட்பதற்குள் பத்துப் பதினைந்து செட்டிங்கை ஏற்கெனவே மாற்றிவிட்டிருப்பார்கள். விஆருக்குள் வந்த எல்லோரும், நான் உட்பட, இதே பாதையில்தான் நடந்தோம். அடுத்து வருகிறவர்களாவது அந்தச் சுற்றுவழியில் போகாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். டிரைவரைப் புதுப்பியுங்கள், பின்னால் ஓடும் புரோகிராம்களை மூடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஹெட்செட் 90 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 90 படம் காட்டி ஓடினால் ஒவ்வொரு படத்தையும் (ஃபிரேம்) தயார் செய்ய கணினிக்குக் கிடைப்பது 11.1 மில்லிசெகண்ட். 72 ஹெர்ட்ஸ் என்றால் 13.9. 120 என்றால் வெறும் 8.3. சாதாரண மானிட்டரில் ஒரு ஃபிரேம் கொஞ்சம் தாமதமானால் கண்டுகொள்ள மாட்டோம். தலையில் மாட்டியிருக்கும் திரையில் அது உடனே தெரியும், சிலருக்கு வயிற்றையும் புரட்டும். அதனால் "சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) 85 வருகிறதே" என்று திருப்திப்பட்டால் ஏமாந்துபோவீர்கள். விஆரில் பார்க்கவேண்டியது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆகும் நேரம்.

எது திக்குகிறது என்று பார்க்காமலே கை வைப்பது

எல்லாவற்றையும் "லேக்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஹெட்செட்டுக்குள் கவனித்துப் பார்த்தால் நோய் வேறு வேறு.

தலையைத் திருப்பும்போது உலகம் ஓரளவு சீராகத் திரும்புகிறது, ஆனால் கடந்துபோகும் பொருட்கள் மட்டும் இரட்டை இரட்டையாகத் தெரிகின்றன என்றால், கணினி ஃபிரேமைத் தவறவிடுகிறது. விடுபட்ட ஃபிரேமுக்குப் பதில் பழைய படத்தையே தலை அசைவுக்கேற்பத் திருப்பிக் காட்டி ஹெட்செட் மென்பொருள் சமாளிக்கிறது. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அரை நொடி மொத்தமும் உறைந்து மறுபடி ஓடினால், வயர் இல்லாமல் விளையாடுபவர்கள் முதலில் வைஃபையைச் சந்தேகிக்க வேண்டும். வேகமாகத் திரும்பும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்தால், வீடியோவை அனுப்பும் பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) பற்றவில்லை. படம் சீராக இருந்து கை மட்டும் துள்ளினால் அது டிராக்கிங், அதாவது கை எங்கே இருக்கிறது என்று கண்டறிவதில் கோளாறு. பேஸ் ஸ்டேஷன் (கண்டறிய உதவ அறையில் பொருத்தும் கருவி) வைத்து ஆடும் அறையில் நிலைக்கண்ணாடியோ கண்ணாடிக் கதவு வைத்த அலமாரியோ இருந்தாலே போதும், அந்தப் பிரதிபலிப்பில் கை ஆட்டம் காணும். அதற்குக் கேமின் கிராபிக்ஸைக் குறைத்து ஒரு பயனும் இல்லை. ஒரு துணி போட்டு மூடினால் சரியாகிவிடும்.

அளக்காமல் கிராபிக்ஸ் கார்டு வாங்குவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். மற்ற தவறுகளில் நேரம்தான் போகும். இதில் பணம் போகிறது, அதுவும் பெரும்பாலும் மாதத் தவணையில்.

ஒரு தம்பி, கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரை விஆரில் ஓட்டுவதற்காகவே ஹெட்செட் வாங்கியவர். பெரிய நகரங்களின் மேல் பறந்தாலே திக்கல். கடைக்காரர் "கார்டு பத்தல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பழைய கார்டைவிட இரண்டு மடங்கு வேகமுள்ள கார்டைத் தவணையில் வாங்கிப் போட்டார். பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, புது கார்டு போட்டும் அதே மாதிரிதான் திக்குது. கார்டு டூப்ளிகேட்டா இருக்குமோ?"

கார்டில் ஒரு குறையும் இல்லை. அந்த சிமுலேட்டரில் டெவலப்பர் மோடை இயக்கினால், எஃப்பிஎஸ் காட்டும் சின்னப் பெட்டி ஒன்று ஓரத்தில் வரும். எதனால் தாமதம் என்று அதுவே எழுதிக் காட்டும். அவருடைய கணினியில் 'லிமிடெட் பை மெயின்திரெட்' என்று சிவப்பில் நின்றது. மெயின்திரெட் (பிராசசரில் கேமின் முக்கிய வேலை ஓடும் ஒற்றை வரிசை) ஒரு ஃபிரேமுக்கு 24 மில்லிசெகண்ட், கிராபிக்ஸ் கார்டு 12. அதாவது புது கார்டு தன் வேலையை முடித்துவிட்டுப் பாதி நேரம் சும்மா நிற்கிறது, பிராசசர்தான் திணறுகிறது. சமையல் முடியாதபோது பந்தியில் பரிமாற ஆள் கூட்டி என்ன பயன்?

"ஆனா டாஸ்க் மேனேஜர்ல சிபியு 25 சதவீதம்தானே காட்டுது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பலரையும் கவிழ்க்கும் இடம் இதுதான். சிபியு என்பது பிராசசர்தான். டாஸ்க் மேனேஜர் காட்டுவது அதன் எல்லாத் திரெட்களின் மொத்தச் சராசரி. 12 திரெட் உள்ள பிராசசரில் ஒரு திரெட் மட்டும் மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். கேமின் முக்கிய வேலையெல்லாம் அந்த ஒரு திரெட்டில்தான் நடக்கிறது. விஆர்சாட் என்ற அரட்டை உலகத்தில் கூட்டமான அறைக்குள் போனால் திக்குவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். அங்கே ஒவ்வொருவரின் உருவமான அவதாரும் பிராசசருக்குச் சுமை.

அந்தக் கணினியில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெய்லை (நிலப்பரப்பு எவ்வளவு நுணுக்கமாகத் தெரியவேண்டும் என்ற அளவு) 200-லிருந்து 100-க்கு இறக்கினோம். கணினியே ஓட்டும் மற்ற விமானங்களையும் தரை வாகனங்களையும் அணைத்தோம். பிறகு டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் ரேம் வேகம் 2133 என்று நின்றது. அவர் காசு கொடுத்து வாங்கியதோ 3200 வேகமுள்ள ரேம். பயாஸில் (கணினியின் அடிப்படை செட்டிங்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் வசதியை, யாரும் இயக்கவே இல்லை. அதை இயக்கிவிட்டு அதே நகரத்தின் மேல் பறந்தபோது மெயின்திரெட் 18 மில்லிசெகண்டுக்கு வந்தது.

18 என்பது 11.1-ஐவிட அதிகம்தானே என்று தோன்றும். ஃபிளைட் சிமுலேட்டரில் 90 ஃபிரேமும் முழுதாக வரவேண்டும் என்பதில்லை. பாதி வேகத்தில், அதாவது 45 ஃபிரேமில் சீராகப் பிடித்துக்கொண்டால் இடையில் வரும் ஃபிரேமை ஹெட்செட் மென்பொருளே உருவாக்கி நிரப்பிக்கொள்ளும். அதற்குக் கிடைக்கும் நேரம் 22.2 மில்லிசெகண்ட். 24 அதைத் தாண்டியது, அதனால் திக்கியது. 18 அதற்குள் அடங்கியது. ஹெட்செட்டை 72 ஹெர்ட்ஸுக்கு மாற்றியிருந்தால் பாதி வேகத்துக்கு 27.8 மில்லிசெகண்ட் கிடைத்திருக்கும். ஒரு ரூபாய் செலவில்லாமல் அந்த 24 கூட அதற்குள் பொருந்தியிருக்கும்.

பழைய கார்டு டப்பாவிலேயே இருந்தது. சந்தேகம் தீரட்டும் என்று அதையே திரும்பப் போட்டுப் பார்த்தோம். கார்டுக்கு 19 மில்லிசெகண்ட் ஆனது. விமானம் சீராகப் பறந்தது. புது கார்டைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. தவணை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தத் தம்பி வருத்தப்பட்டதைவிட எனக்குத்தான் கோபம் அதிகம். ஐந்து நிமிடச் சோதனை ஒன்றை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

அந்தச் சோதனை இதுதான். ஸ்டீம்விஆரில் (கணினியில் விஆர் கேம்களை ஓட்டும் மென்பொருள்) ரெசல்யூஷனைத் தற்காலிகமாகப் பாதிக்கு இறக்குங்கள். படம் மங்கலாகும், பரவாயில்லை. எந்த இடத்தில் திக்கியதோ அதே இடத்துக்குப் போங்கள். திக்கல் போய்விட்டால் பளு கிராபிக்ஸ் கார்டில். அப்படியே இருந்தால் பளு வேறெங்கோ இருக்கிறது, பெரும்பாலும் பிராசசரில். எத்தனை பெரிய கார்டு வாங்கினாலும் அது தீராது. ஸ்டீம்விஆரிலேயே இருக்கும் ஃபிரேம் டைமிங் வரைபடமும், எஃப்பிஎஸ்விஆர் என்ற சின்ன மென்பொருளும் சிபியு நேரம், ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) நேரம் இரண்டையும் தனித்தனியாக ஹெட்செட்டுக்குள்ளேயே காட்டும். இரண்டு எண்களையும் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

கார்டு வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. ரெசல்யூஷன் நியாயமான அளவில் இருந்தும் ஜிபியு நேரம் எல்லையைத் தாண்டுகிறது என்றால் வாங்கலாம், அது நல்ல செலவு. 8 ஜிபி கார்டில் டெக்ஸ்ச்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) அல்ட்ராவில் வைத்து, கார்டின் நினைவகம் நிரம்பி வழிந்து, அதனால் விட்டுவிட்டுப் பெரிய திக்கலாக வந்தால் மட்டும் முதலில் டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கிப் பாருங்கள்.

ரெசல்யூஷனை நான்கு இடத்தில் கூட்டுவது

ஹெட்செட் நிறுவனத்தின் செயலியில் ஒன்று, ஸ்டீம்விஆரில் பொதுவாக ஒன்று, ஸ்டீம்விஆரிலேயே அந்தக் கேமுக்கென்று ஒன்று, கேமுக்குள் ஒன்று என்று நான்கு இடத்தில் ரெசல்யூஷன் இருக்கிறது. இவை ஒன்றையொன்று பெருக்கும் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

மெட்டாவின் குவெஸ்ட் 2 ஹெட்செட்டை வயரில் இணைத்தவர் மெட்டா செயலியில் ரெசல்யூஷனை 1.5 என்று வைக்கிறார். அது அகலத்திலும் உயரத்திலும் தனித்தனியாக 1.5. ஆக பிக்சல் எண்ணிக்கை 2.25 மடங்கு. ஸ்டீம்விஆரில் 150 சதவீதம் என்றால் அது பிக்சல் எண்ணிக்கையிலேயே ஒன்றரை மடங்கு. பொதுவிலும் 150, கேமிலும் 150 என்று வைத்தால் எல்லாம் சேர்ந்து ஐந்து மடங்குக்கு மேல் போகிறது. "கொஞ்சம்தான் ஏத்தினேன்" என்பார். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம்தான். கார்டுக்குப் போய்ச் சேருவதோ மலை.

ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் மாற்றுங்கள், மற்ற மூன்றையும் இயல்பான அளவில் விடுங்கள். ஸ்டீம்விஆர் வழியாகவே எல்லாம் ஆடுபவர்களுக்கு, கேமுக்கென்று தனியாக இருக்கும் அளவில் மாற்றுவதுதான் வசதி என்பது என் எண்ணம். ஹாஃப்-லைஃப்: அலிக்ஸுக்கு ஒன்று, ஃபிளைட் சிமுலேட்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

வயர் இல்லாமல் ஆடும்போது கணினியையும் வைஃபையில் விடுவது

கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து ஹெட்செட்டுக்கு ஒரு முறை என்று அதே படம் காற்றில் இரண்டு தடவை போகிறது. கணினியை லேன் வயரில் ரவுட்டரோடு இணையுங்கள். ஹெட்செட் மட்டும் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கட்டும், ரவுட்டர் அதே அறையில் இருக்கட்டும். கூடத்தில் ரவுட்டர், உள்ளறையில் நீங்கள், நடுவில் கான்கிரீட் சுவர் என்றால் அந்தச் சுவரோடுதான் நீங்கள் விளையாடுகிறீர்கள். வீட்டு இன்டர்நெட் வேகத்தைக் கூட்டினால் சரியாகும் என்று பிளானை மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். கணினியிலிருந்து ஹெட்செட்டுக்குப் போகும் படம் வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லை. அந்தக் காசில் நல்ல லேன் வயர் வாங்கலாம். கணினிப் படத்தை வயர் இல்லாமல் ஹெட்செட்டுக்கு அனுப்பும் விர்ச்சுவல் டெஸ்க்டாப் செயலியைப் பயன்படுத்துபவர்கள் அதன் பெர்ஃபார்மன்ஸ் ஓவர்லேயைத் திறந்தால் கேமுக்கு எவ்வளவு, என்கோடிங்குக்கு (படத்தைச் சுருக்குவதற்கு) எவ்வளவு, நெட்வொர்க்குக்கு எவ்வளவு நேரம் என்று பிரித்துக் காட்டும். அங்கே நெட்வொர்க் எண் மட்டும் துள்ளினால் கேமில் கை வைக்காதீர்கள்.

120 ஹெர்ட்ஸ் ஆசை

90-ஐத் தாங்கும் கணினிக்கு மட்டும்.

லேப்டாப்பை பாட்டரியில் ஓட்டுவது

வேண்டாம். சார்ஜரைச் செருகுங்கள்.

மோஷன் ஸ்மூதிங்கை எல்லாக் கேமுக்கும் போடுவது

இடையில் வரும் ஃபிரேமை மென்பொருளே உருவாக்கி நிரப்பும் வசதி இது. காக்பிட்டில் உட்கார்ந்து ஆடும் கேம்களுக்கு நல்லது. கைகளை வேகமாக வீசி ஆடும் கேம்களில் விளிம்புகள் நெளியும். கேமுக்குக் கேம் மாற்றுங்கள்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றுவது

எங்கோ பார்த்த முப்பது செட்டிங்கையும் ஒரே இரவில் மாற்றிவிட்டு, மறுநாள் கேம் முன்பைவிட மோசமாக ஓடினால் எதைத் திரும்ப வைப்பது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், அதே இடத்துக்குப் போங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே இடம் என்பது முக்கியம். ஃபிளைட் சிமுலேட்டர் என்றால் அதே விமான நிலையம், அதே விமானம், அதே வானிலை. நேரடி வானிலையை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நேற்று தெளிந்த வானம், இன்று மேகக்கூட்டம், இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

இன்னொன்று. டிரைவரையோ கேமையோ அப்டேட் செய்த பிறகு முதல் தடவை ஓடும்போது பல கேம்கள் ஷேடர்களை (கிராபிக்ஸ் கார்டுக்கான வரையும் கட்டளைகள்) புதிதாகத் தயார் செய்யும். அந்த நேரத்தில் திக்கத்தான் செய்யும். அப்போது அளந்த எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு சுற்று ஆடி முடித்துவிட்டு, அப்புறம் அளக்கத் தொடங்குங்கள்.