நெஞ்சு வலிக்கு ஒரு தாள்: பெங்களூரு வீடுகளுக்கான செய்முறை

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில், கேஸ் புக்கிங் எண்ணுக்குக் கீழே, ஒரு ஏ4 தாள் ஒட்டியிருக்கிறது. யாருக்காவது மாரடைப்போ என்று சந்தேகம் வந்தால் அதில் எழுதியிருப்பதை அப்படியே செய்ய வேண்டியதுதான். உட்கார்ந்து யோசிக்கிற வேலை கிடையாது. மாமனாருக்கு வந்தது அது இல்லாத காலத்தில். இப்போது, இதயக் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட்டோடு நன்றாக இருக்கிறார், காலையில் அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கிறார். அந்த இரவுக்கு அப்புறம் தயாரித்ததுதான் இந்தத் தாள். உங்கள் வீட்டுக்கும் ஒன்று செய்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்கிறது. அடைப்பை எடுக்கத் தாமதமாகத் தாமதமாகத் தசை செத்துக்கொண்டே போகிறது. அடிப்படை இவ்வளவுதான். நேராகத் தாளுக்கு வருவோம்.

1. அறிகுறிகளை வீட்டுப் பேச்சில் எழுதுங்கள்

மாமனார் கடைசி வரை 'வலி' என்று சொல்லவே இல்லை. "நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு" என்றார். அதனால் எங்கள் தாளில் இப்படி இருக்கிறது: நடு நெஞ்சில் பாரம், இறுக்கம், அழுத்தம், எரிச்சல். அது இடது கைக்கோ இரண்டு கைகளுக்குமோ தோள், கழுத்து, தாடை, முதுகு, மேல்வயிற்றுக்கோ பரவுவது. சில்லென்று வியர்ப்பது. மூச்சு வாங்குவது. குமட்டல், வாந்தி, தலைசுற்றல்.

கீழே சிவப்பு மையில் இன்னொரு வரி: அம்மாவுக்கு நெஞ்சு வலி வராமலும் இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள், பெண்கள், வயதானவர்கள் ஆகியோருக்கு வெறும் மூச்சுத்திணறல், காரணமில்லாத அசதி, வாந்தி என்று மட்டும் வந்து ஏமாற்றும்.

2. ஐந்து நிமிடம், அதற்கு மேல் வாதம் இல்லை

"வாயுதான், ஈனோ போடு." இது எல்லார் வீட்டிலும் நடக்கும் நாடகம். ஈனோ, சோடா, இஞ்சிச் சாறு, முதுகு தேய்த்துவிடுதல், "காலையில டாக்டரப் பாத்துக்கலாம்". வாயுவா இதயமா என்பதை வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. ஏப்பம் வந்தது, கொஞ்சம் பரவாயில்லை என்பதெல்லாம் ஒன்றையும் நிரூபிக்காது. மேலே எழுதியது எதுவும் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருந்தால் கிளம்ப வேண்டும். மூச்சுத்திணறலோ வியர்வையோ மயக்கமோ சேர்ந்திருந்தால் அந்த ஐந்து நிமிடம்கூட வேண்டாம்.

முடிவெடுப்பது யார் என்பதையும் தாளில் எழுதுங்கள். பாதிக்கப்பட்டவர் கண்டிப்பாக அந்த ஆள் இல்லை. எங்கள் வீட்டில் அது மாமியார். மாமனார் உலகத்தில் வேறு யாருக்கும் அடங்கமாட்டார்.

3. 108-இல் என்ன சொல்வது

பதற்றத்தில் கன்னடம் வாயில் வராது, அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும். தாளில் தமிழ் எழுத்திலேயே எழுதிவிடுங்கள்: "எதெ நோவு இதெ. ஹார்ட் அட்டாக் அனுமான இதெ. பேக ஆம்புலன்ஸ் களிசி." அடுத்து முகவரி, பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கோயிலோ பள்ளியோ, எந்த மாடி. லொகேஷன் அனுப்பக் கேட்டால் அனுப்பலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஒரே தெருவுக்குள் நாலு குறுக்குச் சந்து இருக்கும் ஏரியாக்களில் புள்ளி அடுத்த சந்தில் போய் விழும். ஒருவர் மெயின் ரோட்டில் போய் நிற்கட்டும்.

அதுவரை அவரைச் சுவரில் சாய்த்து, முழங்காலை மடக்கி உட்கார வையுங்கள். நடக்கவிடாதீர்கள், மாடிப்படி இறங்கவிடாதீர்கள். இருமிக்கொண்டே இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி சுத்தப் பொய்.

ஆட்டோவா ஆம்புலன்ஸா? முதலில் ஆம்புலன்ஸ். வழியில் இதயம் நின்றுபோனால் ஆட்டோக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. வர ரொம்ப நேரமாகும் என்று 108-இலேயே சொல்லிவிட்டால் மட்டும் கார் அல்லது ஆட்டோ. வலி உள்ளவர் வண்டி ஓட்டக் கூடாது.

4. எந்த ஆஸ்பத்திரி

நாங்கள் மாட்டிக்கொண்ட இடம் இது. வீட்டுக்கு மிகப் பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோம். குடும்பத்தில் எல்லாரும் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் போன இடம். இயல்பாக அங்கேதான் போனோம். வாட்ச்மேன் போய் நர்ஸை எழுப்பினார். ஈசிஜி மெஷின் இருந்தது, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, துணி போர்த்தி. அறைச் சாவி டெக்னீஷியனிடம், டெக்னீஷியன் வீட்டில். அங்கிருந்து கிளம்பி வேறு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதும்தான் வைத்தியமே ஆரம்பித்தது.

தேவை பக்கத்து ஆஸ்பத்திரி இல்லை; நடு இரவிலும் அடைப்பை எடுக்கக்கூடிய ஆஸ்பத்திரிகளில் எது பக்கமோ அது. போன் செய்து கேளுங்கள், அதுவும் இரவு பத்து மணிக்கு மேல். பகலில் ரிசப்ஷனில் எல்லாவற்றுக்கும் "இருக்கு சார்" என்பார்கள். இரவில் எடுக்கிறவருக்குத்தான் உண்மை நிலவரம் தெரியும். கேட்க வேண்டியவை: கேத் லேப் (இதயக் குழாய் அடைப்பை எடுக்கும் அறை) 24 மணி நேரமும் ஓடுகிறதா? இப்போது மாரடைப்போடு வந்தால் ஆஞ்சியோபிளாஸ்டி (பலூன் வைத்து அடைப்பைத் திறப்பது) செய்யும் டாக்டர் எவ்வளவு நேரத்தில் வந்துசேர்வார்? எங்கள் இன்ஷூரன்ஸோ ரேஷன் கார்டோ செல்லுமா? போனையே எடுக்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த 90 நிமிடத்துக்குள் அடைத்த குழாயைத் திறக்க வேண்டும் என்பதுதான் டாக்டர்கள் வைத்திருக்கும் இலக்கு. கேத் லேப் உள்ள இடத்துக்கு 120 நிமிடத்துக்குள் போய்ச் செய்ய முடியாது என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் பார்க்கும் இடத்திலேயே போடுவார்கள். கர்நாடக அரசு தாலுகா மருத்துவமனைகளில் இந்த ஊசியை இலவசமாகப் போடுவதற்குத்தான் ஹிருதய ஜோதி திட்டத்தைத் தொடங்கியது. 2021 அக்டோபரில் 46 வயதில் காலமான கன்னட நடிகர் புனித் ராஜ்குமாரின் பெயரைத் தாங்கிய திட்டம் அது.

பெங்களூரில் இதயம் என்றாலே எல்லாரும் சொல்வது பன்னேர்கட்டா ரோட்டில் உள்ள ஜெயதேவா. இதயத்துக்கென்றே இருக்கும் அரசு ஆஸ்பத்திரி, செலவும் குறைவு. ஆனால் அல்சூரிலிருந்து மாலை ஏழு மணி டிராஃபிக்கில் அங்கே போவது வேறு கதை. எனவே எங்கள் தாளில் இரண்டு பெயர்கள்: இரவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒன்று, வாரநாள் நெரிசல் நேரத்துக்கு ஒன்று. ஆம்புலன்ஸ்காரர் வேறு இடம் சொன்னால், "அங்க கேத் லேப் இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள்.

5. மாத்திரை

ஆஸ்பிரின் 300 முதல் 325 மில்லிகிராம், மென்று விழுங்க வேண்டும். எக்கோஸ்பிரின் 150 என்றால் இரண்டு, 75 என்றால் நான்கு. அதற்கு மேல்பூச்சு உண்டு, அப்படியே விழுங்கினால் மெதுவாகத்தான் வேலை செய்யும். அதனால்தான் மெல்லச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது பூச்சில்லாத, தண்ணீரில் கரையும் டிஸ்பிரின். ஆஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றுப் புண்ணில் ரத்தக்கசிவு உள்ளவர்களுக்குக் கூடாது. உங்கள் வீட்டில் யார் யாருக்குக் கொடுக்கலாம் என்று குடும்ப டாக்டரிடம் இப்போதே கேட்டுத் தாளில் பெயரோடு எழுதிவிடுங்கள். டோலோ இதற்கு மாற்று இல்லை.

நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டை டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் ஒழியத் தொடாதீர்கள். பி.பி. குறைந்திருந்தால் ஆளையே சாய்த்துவிடும். வயாகரா வகை மாத்திரை எடுத்தவர்களுக்கு இன்னும் ஆபத்து. பெரியவர்கள் அதை வீட்டில் சொல்லமாட்டார்கள் என்பது தனிப் பிரச்சினை.

6. ஃபைலும் ஆஸ்பத்திரி வாசலும்

பழைய ஈசிஜி (புதியதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்), மருந்துப் பட்டியல், ஆதார், இன்ஷூரன்ஸ் அட்டை. வாசலில் "நெஞ்சு வலி, இத்தனை மணிக்கு ஆரம்பித்தது" என்பதுதான் முதல் வாக்கியம். பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். பில்லிங் கவுண்டருக்கு வேறு ஒருவர் போகட்டும். முதல் ஈசிஜி நார்மல் என்றதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். மாரடைப்பிலும் அது நார்மலாக இருக்கலாம். மறுபடி ஈசிஜி, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை எப்போது என்று கேளுங்கள்.

ஆள் சுயநினைவில்லாமல், சரியாக மூச்சும் விடாமல் கிடந்தால் நடு நெஞ்சில் இரு கைகளால் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் படித்துக் கற்க முடியாது, ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வாருங்கள்.

பின்சேர்க்கை 1: அபார்ட்மென்ட்வாசி ஒருவர் கமென்ட்டில் சொன்னது: ஆம்புலன்ஸ் கேட் வரை வந்துவிட்டது, செக்யூரிட்டி விசிட்டர் ஆப்பில் அப்ரூவல் கேட்டுக்கொண்டிருந்தாராம். செக்யூரிட்டி இன்டர்காம் எண்ணையும் தாளில் சேர்த்துவிட்டேன். ஸ்ட்ரெச்சர் உங்கள் லிஃப்ட்டில் நுழையுமா என்றும் பாருங்கள். நுழையாவிட்டால் நாற்காலியில் உட்கார வைத்துத்தான் இறக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2: தர்மபுரி, வேலூர்ப் பக்கம் அப்பா அம்மா இருப்பவர்கள் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அங்கேயும் 108தான். தமிழ்நாட்டில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் என முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஊர்த் தாளில் அந்த நிலையம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதையும், இரவில் வண்டி எடுக்கக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையும் எழுதுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், அப்பாவுக்குக் கண்ணாடி தேடாமல் படிக்க வர வேண்டும்.