பேறுகால விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து வேலை: கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

‘நேரத்தில் கொஞ்சம் சலுகை வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிய முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. இரண்டாவதில் நாள், நேரக் கணக்கு இருந்தது, அது ஏற்கப்பட்டது: செவ்வாயும் வியாழனும் வீட்டிலிருந்து, காலை 8 முதல் 12, மாலை 3 முதல் 7, மூன்று மாதத்தில் மறுபரிசீலனை. 26 வார விடுப்புக்குப் பின் இப்படி வேலை செய்ய, இந்தியப் பேறுகாலப் பலன் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம் வழி திறந்தது. ஆனால் வேலையின் தன்மை ஒத்துவர வேண்டும், நிறுவனமும் உடன்பட வேண்டும். ஆகவே விடுப்பு முடிய ஆறு வாரம் இருக்கும்போதே மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்மொழிச் சம்மதம் மேலாளர் மாறினால் காற்றோடு போகும்.

அலுவலக நாட்களில், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை உரிமை, கெஞ்ச வேண்டியதில்லை. வீட்டு நாளிலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சரியாக மீட்டிங் நடுவில்தான் அதற்குத் தூக்கம் கலையும்.